நேர்த்திச் சடை

ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு தமிழ்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் ரெகே இசைப் பாடகர் ஒருவரின் போஸ்டர்: இடுப்புவரை திரிதிரியாகத் தொங்கும் சடை, குறுக்கே ‘டிக்கெட் எல்லாம் தீர்ந்தது’ என்று ஜெர்மனில் ஒரு சிவப்புப் பட்டை. அதே சடையோடு அவரே முருங்கைக்காய் வாங்க வருகிறார். பாட்டுக்காக வேலையை விட்டவர், இப்போது ஊர் ஊராகப் பாடுகிறார் என்று கடைக்காரர் என்னிடம் சொல்கிறார்.

வாழைப்பழம் பார்த்துக்கொண்டிருந்த முதிய பெண் அந்தச் சடையைக் கண்டு பக்தியோடு கேட்கிறார்: “தம்பி, எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?”

“முருகனுக்கு, அன்ரி. என்ரை பாட்டு எடுபட்டால் எனக்கு மொட்டை அடிக்கிறதெண்டு அம்மா நேர்த்தி வைச்சவ.”

“அப்ப இன்னும் எடுபடேல்லையோ?”

பாடகர் மெதுவாகப் பின்வாங்கி, முதுகால் போஸ்டரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

“இல்லை அன்ரி. எனக்காகக் கும்பிடுங்கோ.”