கயிற்றை விடாத கை

தூக்க வருகிறவனுக்கு உடம்பைக் கொடுக்காதே: போராட்டக்காரன் தொழிலில் முதல் பாடம் இதுதான். இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு காலிலும் இரும்புக் காலிபர் மாட்டித் திரிகிற நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். ஊன்றுகோலோடு மறியலுக்கு வந்து வெயிலில் காய்ந்த தோழர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரும்புக் கேட்

ஓர் அலுவலக வாசலில் சாய்தளம் கேட்டு உட்கார்ந்தோம். போலீஸ்காரர் ஒருவர் பின்னாலிருந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விரலைப் பிரித்தால் மறு விரல் இறுகியது. பக்கத்தில் எங்கள் சங்கப் பொருளாளர் சின்னப்பொண்ணு, அவருக்கும் கால் வராது, கோஷத்தை நிறுத்தவே இல்லை. கடைசியில் என்னை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்களை வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது அந்தப் போலீஸ்காரர் கையை உதறிக்கொண்டே சொன்னதை நான் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: "காலுக்கு வேண்டிய பலத்தையும் சேத்து கையிலயே வெச்சிருக்கீங்களே, சார்!"

அழைப்பு

ஒரு தொண்டு நிறுவனம் எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு முறை கடலுக்கடியில் இறக்கிக் காட்டுவதாகச் சொன்னது. நாலு படி ஏற வழி செய்யாத நாட்டில் கடலுக்குள் இறங்க வழி செய்கிறார்களாம் என்று திட்டினேன். திட்டிவிட்டுப் பெயரும் கொடுத்தேன். மற்ற பையன்கள் கிணற்றில் குதிப்பதை மேட்டில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன் நான். தண்ணீருக்குள் என்னதான் இருக்கிறது என்று சாவதற்குள் பார்த்துவிட வேண்டும். சின்னப்பொண்ணும் வந்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் சிரித்தார்: "கடல்லயும் போயி மறியல் பண்ணிடாதீங்கண்ணா!"

படகு

படகில் ஏற்ற இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து நானே ஏறினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். சின்னப்பொண்ணு அந்த இரண்டு பேர் கழுத்திலும் கையைப் போட்டுக்கொண்டு சுகமாகப் போய்ச் சேர்ந்தார். நான் முறைத்தேன். "தூக்கட்டுமேண்ணா. தூக்குனா நான் என்ன கொறஞ்சா போயிடுவேன்?"

கயிறு

பயிற்சியாளர் அந்தோணி, "நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ணே" என்று சொல்லித்தான் இறக்கினார். காலிபர் இல்லை, வாயில் காற்றுக்குழாய். படகிலிருந்து ஒரு கயிறு கடலடிக்குப் போயிற்று. அவர் பின்னால் வந்து என் முதுகுச் சிலிண்டரைப் பிடித்தார். அவ்வளவுதான், என் இரண்டு கைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டன. எனக்குப் பயமே இல்லை. பின்னால் பிடி விழுந்தால் முன்னால் எதையாவது பிடிப்பது ஒன்றுதான் அந்தக் கைகளுக்குத் தெரியும். அவர் தட்டினார். விரலைப் பிரித்தார். மறு விரல் இறுகியது. கீழே சின்னப்பொண்ணு இன்னொரு பயிற்சியாளரோடு மீன் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது என் பக்கத்தில் எதுவோ மெல்ல ஆடியது. பார்த்தால் என் கால்கள். இத்தனை காலம் நான் இழுத்து வந்தவை, என் இடுப்புக்கு நேராக மிதந்துகொண்டிருந்தன. அவற்றை யாரும் தூக்கவில்லை. கைகள் தாமாகக் கயிற்றை விட்டன. கொஞ்ச தூரம்தான் கீழே போயிருப்போம், அந்தோணி மேலே போகச் சைகை காட்டிவிட்டார். படகில் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

"கயித்த விட்டப்புறம் சூப்பரா வந்தீங்கண்ணே. அதுக்குள்ள காத்து தீந்துடுச்சே. மத்தவங்க காத்திருக்காங்க."

திரும்பும் வழி

சின்னப்பொண்ணு வழியெல்லாம் மீன்களைப் பற்றியே பேசினார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். தருமபுரியில் இறங்கும்போது கண்டக்டர் பின்னால் வந்து அக்குளில் கை கொடுத்தார். இந்த முறை உடம்பைக் கொடுத்துவிடுவது என்று மனதார முடிவு செய்தேன். ஆனால் கைகள் அதற்குள் கம்பியைப் பிடித்துவிட்டிருந்தன.

"கம்பிய விடுங்க சார், நான்தான் புடிச்சிருக்கேனே!"

விடாமல் பிடிக்கச் சொல்லிக் கட்டுக் கட்டாகத் துண்டறிக்கை எழுதியிருக்கிறேன் தோழர்களே, விடுவது எப்படி என்று ஒன்றுகூட எழுதவில்லை.