பாதிக் குளிசை

தம்பிக்குப் பதினாறு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. அப்போது அம்மா இருந்தார். பிறகு போரில் பாதை அடைபட்டு, கொழும்பிலிருந்து மருந்துக் குளிசை நின்று நின்று வந்த காலத்தில், அரியாலை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். மேலே படித்திருந்தாலும் பிறகு செய்ததையேதான் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

குளிக்கிற சவர்க்காரக் கட்டியை ஊரில் எல்லோரும் நூலால் அறுத்து, பாதியை நாளைக்கென்று எடுத்து வைத்தோம். மண்ணெண்ணெயும் அப்படித்தான். நான் தம்பியின் குளிசையையும் பாக்குவெட்டியால் பாதியாக்கினேன். ஒரு பாதி அவனுக்கு, மற்றப் பாதி வெறுமையான பால்மாத் தகர ரின்னுக்குள். மருந்து அடியோடு நின்றுபோனால் அவனுக்கு என்ன ஆகும் என்ற யோசனையில் நான் சரியாக நித்திரை கொண்டதில்லை. அந்த ரின்னைக் குலுக்கிப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல்.

மாதத்துக்கு ஒன்றாக வந்த வலிப்பு கிழமைக்கு ஒன்றானது. நோய் முற்றுகிறது, இன்னும் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் புதிதாக வந்த பெண் டொக்டர். என்னைவிட இளையவர்.

“குளிசை ஒழுங்காப் போடுறாரோ அக்கா?”

“ஓம்” என்றேன். தம்பி பக்கத்து மர வாங்கிலில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டொக்டர், அவன்ரை மூளைக்குள்ளை என்னதான் நடக்குது?”

அவர் கடுதாசியொன்றைத் திருப்பி வட்டங்கள் போட்டார். நரம்புக் கலங்கள் என்ற நுண்ணிய செல்கள்தான் சத்தம் போடுபவை, ஆனால் அவற்றைச் சுற்றி வேறு கலங்கள் இருக்கின்றன, வெறும் பசை என்று நினைத்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள் என்றார்.

“உங்கடை வேலியிலை ஆள் பூந்து போற ஓட்டை, பொட்டு இருக்கெல்லோ, பக்கத்து வீட்டுக்குப் போய்வர? அதுமாதிரி இந்தக் கலங்களுக்கு நடுவிலையும் சின்னச் சின்னப் பொட்டுகள். நரம்பு வேலை செய்யேக்கை ஒருவகை உப்பு வெளியிலை சேரும். ஒரு இடத்திலை கூடினால், இந்தக் கலங்கள் அதைப் பொட்டாலை பக்கத்துக் கலத்துக்குக் கடத்திப் பரவ விட்டிடும். கடத்தாமல் தேங்கினால் நரம்பெல்லாம் ஒண்டாக் கத்தத் தொடங்கும், அதுதான் வலிப்பு.”

“எங்கடை பொட்டுக்கு அந்தப் பக்கம் ஆக்கள் இல்லை டொக்டர். வெளிநாடு போயிட்டினம்.”

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“அப்ப குளிசை பொட்டைத் திறக்குமோ?”

“இல்லை அக்கா. அது கத்தலைத்தான் அடக்குது. பொட்டிலை என்ன பிழை எண்டு இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. ஆனால் குளிசையைக் குறைச்சால் வலிப்புக் கட்டாயம் கூடும்.”

நான் கடுதாசியில் இருந்த வட்டங்களையே பார்த்தேன்.

“அக்கா பாதிதான் தாறவ” என்றான் தம்பி, தலை நிமிராமல்.

டொக்டர் பேனையை வைத்தார். “எவ்வளவு காலமா?”

“மாரி மழைக்கு முந்தியிலிருந்து” என்றான்.

“உமக்குத் தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீரோ?”

“சொன்னால் அவ பயப்பிடுவா. இப்பவே என்னைப் பாத்துப் பாத்து மெலிஞ்சு போனா. வாசலிலை நிக்கிற நாய் இவவைப் பாத்து, இவ்வளவுதானே ஆள் எண்டு குலைக்கக்கூட அலுத்துப் பஞ்சிப்படுது.”

டொக்டர் என்னை ஏசவில்லை. சேர்த்த பாதிகளை இரண்டிரண்டாகக் கொடுக்கச் சொன்னார். சைக்கிளில் திரும்பி வரும்போது அவன் பெடல் உழக்கினான், நான் பின்னால் கரியரில் இருந்தேன். இத்தனை மாதம் ஒரே வீட்டில், அவன் தெரிந்ததைச் சொல்லாமலும் நான் செய்ததைச் சொல்லாமலும் இருந்திருக்கிறோம்.

முழுக் குளிசை போட்டு முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதம், காலையில் கிணற்றடியில் விழுந்தான். கல்லில் தலை அடிபடாமல் பிடித்து, ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் வந்த நுரையைத் துடைத்தேன். கூப்பிட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான்.

“இண்டைக்கும் பாதியோ?” என்று குழறிக் கேட்டான்.

“முழுசு” என்றேன். “சத்தியமா முழுசு.”

“அப்ப நீ அழாதை.”

நான் அழுதது, முழுசு போட்டும் வந்ததே என்றுதான். என் பிழையால் வந்தபோது நான் திருத்துவதற்கு ஒன்று இருந்தது.