ஒளித்து வைத்த லீசிங் கார்

சண்முகவடிவு கோபக்காரி. பூண்டுலோயாப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் வாயில் விழாத ஆளே கிடையாது. ஆனால் நெஞ்சுவலியோ பிரசவ வலியோ, எந்த லயத்து வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். "நேரங்காலம் தெரியாம வந்து நிப்பீங்களே!" என்று வைதுகொண்டே காரைக் கிளப்புவாள். புருஷன் செத்த பிறகு கொழும்பில் வீட்டு வேலை பார்த்து, அங்கேயே ஓட்டவும் பழகி, ஊருக்கு வந்து லீசிங்கில் எடுத்த சின்ன வெள்ளைக் கார் அது. ஒரு தவணை தவறியதில்லை. பொம்பளை ஸ்டியரிங் பிடிப்பதா என்று சிரித்த வாய்களெல்லாம் பிறகு "எங்க காரு" என்று சொல்லத் தொடங்கின.

இப்போது ஒப்பந்தம் முடிந்தது. காரின் மிச்ச விலையை மொத்தமாகக் கட்டினால் காரை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக ஒரு வேன் எடுக்கவேண்டும் என்பது வடிவின் ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் காரை நல்லபடியாக ஒப்படைத்து, பிணைக்கு இரண்டு பேரையும் கூட்டி வந்தால் வேன் தருகிறோம் என்று ஹட்டன் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். காரைக் கொடுப்பது பெரிய காரியமில்லை. பிணைதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஊரையே திட்டுகிற வாயால் ஒரு கையெழுத்துக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. கம்பெனியிலேயே போய்க் கெஞ்சிப் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெளியே வந்து பார்த்தால், காரைக் காணோம்! டயருக்கு அண்டைகொடுத்த கல் மட்டும் கிடக்கிறது.

"ஐயையோ, என் வண்டி!"

அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக் காளியாயி ஆற அமர வந்தாள். முகத்தில் பெருமை வேறு.

"கத்தாத வடிவு. பத்திரமா இருக்கு. சாவி வைக்கிற எடந்தான் எங்களுக்குத் தெரியுமே. சத்தம் கேட்டா நீ முழிச்சிருவேன்னு, விடியமுன்ன தள்ளிக்கிட்டே போயி கொழுந்து நிறுக்குற பழைய மடுவத்துல விட்டு, படங்கு போட்டு மூடிட்டோம். சீஸ் பண்ணித் தூக்கிட்டுப் போக எவன் வந்தாலும் கண்டுபுடிக்க ஏலாது!"

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை கார் கம்பெனிக்குத் திரும்பிப் போகிறது என்று மட்டுந்தான் வடிவு சொல்லியிருந்தாள். லீசிங் கம்பெனிக்குத் திரும்பிப் போகிற வண்டியென்றால், கட்ட முடியாமல் பறிகொடுத்த வண்டி என்றுதான் அந்த மலையில் அர்த்தம். தவணையெல்லாம் முடித்து, தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளை அவர்கள் எங்கே கண்டார்கள்? வடிவு வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்கள், பாவம்.

"அட பாவிகளா! நானாத்தான் குடுக்குறேன்! தவணையில ஒரு சதம் பாக்கியில்ல! இன்னைக்கிப் போகாட்டி எனக்கு வேன் இல்லக்கா, போச்சு!"

காளியாயியின் முகம் சுண்டிப்போயிற்று.

முதல் நாள் மழையில் மடுவத்துப் பாதை சேறாகிக் கிடந்தது. ஏற்றத்தில் டயர் சுற்றியதே தவிர கார் நகரவில்லை. ஒளித்தவர்களே வந்து தள்ளினார்கள்: காளியாயி, ராசம்மா, லொறி ஓட்டுகிற துஷாந்த். வடிவு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூன்று பேரையும் மாறி மாறித் திட்டினாள். திட்டத் திட்ட அவளுக்குக் கண்ணும் கலங்கியது. தனக்காகக் குளிரில் எழுந்து வந்தவர்கள் ஆயிற்றே.

மேலே வந்ததும் பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீரில் காரைப் பளிச்சென்று கழுவினார்கள். தங்களைக் கழுவிக்கொள்ள நேரமில்லை. வழியில் திரும்பவும் எங்காவது புதைந்தால் தள்ள ஆள் வேண்டுமென்று, சீட்டில் படங்கை விரித்து மூவரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

கம்பெனியில் காரைச் சுற்றிப் பார்த்தவர் மயூரதன், யாழ்ப்பாணத்து இளைஞர்.

"கார் நல்லாத்தான் இருக்கு, அக்கா. பிணைக்கு ரெண்டு பேர் வேணுமே. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

ஊரையே அதட்டுகிற வடிவு தரையைப் பார்த்தாள். "இல்லீங்க சார்..." என்று இழுத்தாள்.

வாசலில் நின்ற காளியாயி சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். "எதுக்கு ஆளு கேக்குறாரு?"

"வேனுக்குப் பிணைக்கா. நான் கட்டாட்டி, கையெழுத்துப் போட்டவங்கதான் கட்டணும். உங்களப் போயி எப்படிக் கேக்குறது?"

காளியாயிக்கு வந்ததே கோபம்! "ராசம்மா, வா உள்ளுக்கு!" என்று வெளியே பார்த்துக் கத்தினாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காக மயூரதனிடம் நீட்டினாள்.

"ஏன்டி வடிவு, வண்டிய ஒளிக்க மட்டுந்தான் நாங்க லாயக்கா?"