போட்டு வாறன் சொல்லாத வீடு

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போனவர்கள் திரும்பும்போது "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகச் சொன்னது போலாகிவிடுமாம். பேசாமல் எழும்பி, செருப்பைக் கொழுவிக்கொண்டு, வாசல் படலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். சின்ன வயதிலிருந்தே இது எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படி எழும்பி வந்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு, போகிறவர்களின் முதுகைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பது அம்மா இறந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஆவணியில் இறந்தார். வயலிலிருந்து வந்து நெஞ்சு நோகுது என்று படுத்தவர்தான். என் மகள் கார்த்திகையில் பிறந்தாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைக்கவென்று மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, ஒரு பால்மாப் பேணியில் போட்டு, குசினித் தட்டில் மேலே வைத்திருந்தார். அந்தப் பேணியை நான் திறக்கவில்லை. அதைத் திறந்தால் அம்மாவின் கை மணம் வெளியே போய்விடும் போல இருந்தது. என் மனுசிக்கும் அது தெரியும். அவள் கேட்கவில்லை.

மனுசியின் தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறார். போனில் அழுவார், வர ஏலாது. ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உழவு மெசின் ஓட்டுவேன், வயல் செய்வேன். பிள்ளையைக் குளிக்க வார்க்கவோ, பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கவோ எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. அது அம்மாவின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்று கழிந்து துடக்குத் தீட்டு நீங்கவும், பள்ளிக்கூட விடுமுறை வரவும் சரியாக இருந்தது. நத்தார், புதுவருசம், பொங்கல் என்று ஆட்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். கொழும்பில் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அம்மாவின் செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனவர்கள், எல்லாருக்கும் எங்கள் வீட்டில் ஒரே பயணத்தில் இரண்டு அலுவல் இருந்தது. துக்கம் விசாரிக்க வேண்டும். பிள்ளையும் பார்க்க வேண்டும்.

வந்தவுடன் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுவார்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கிற மனுசி, பிள்ளையை விட்டுவிட்டு வந்து கூட நின்று அழ வேண்டும். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "எங்க குஞ்சு?" என்பார்கள். ஏணையில் அப்போதுதான் நித்திரையான பிள்ளை எழும்பிவிடும். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். "அவாதான் திரும்பி வந்து பிறந்திருக்கிறா" என்று யாராவது சொல்வார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ, அம்மாவுக்காக அழுவதா, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியாது. வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவேன்.

ஒருநாள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் முல்லைத்தீவிலிருந்து மாமியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். எழும்பும்போது பிள்ளையைப் பார்த்து, தாத்தா முறையில், "சரி குஞ்சு, அப்பு போட்டு..." என்று தொடங்கினார். பிறகு அம்மாவின் படத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பிள்ளைக்குச் சொல்லலாம். இவையளுக்குத்தான் சொல்லக் கூடாது" என்றார் மாமி.

"அப்ப பிள்ளையின்ர காதுக்கை சொல்லட்டோ?"

"சொல்லுங்கோவன். ஒண்டும் விளங்காத வயசு, நல்லதாப் போச்சு."

அவர் உண்மையாகவே குனிந்து காதுக்குள் சொன்னார். தாடி குத்திப் பிள்ளை வீரிட்டது. இரண்டு பேரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓடாத குறையாகப் போனார்கள். அம்மா இறந்த பிறகு மனுசி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவள், அப்படியே கண்ணை மூடிவிட்டாள். அவள் முகம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று அப்போது கண்டேன்.

பொங்கலுக்கு முன் ஊர் மருத்துவிச்சி, மிட்வைவ் மிஸ், வந்து, கூரை வளையில் தராசைக் கொழுவிப் பிள்ளையை நிறுத்தார். முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நிறுத்தார்.

"நிறை ஏறேல்லையே. தாய் சாப்பிடுறாவோ? நித்திரை கொள்ளுறாவோ?"

மனுசி என்னைப் பார்த்தாள். "ஆக்கள் வருகினம் மிஸ்" என்றேன்.

"ஆக்கள் வந்தா இவா ஏன் எழும்போணும்? பால் எங்கயிருந்து வரும் எண்டு நினைக்கிறீங்கள்? பொங்கல் முடியத் திரும்ப நிறுப்பம். அப்பவும் ஏறேல்லையெண்டா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும்."

அவர் போன பிறகு மனுசி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "என்ர பாலில பிழையோ அப்பா?" என்று என்னிடம் கேட்டாள்.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அம்மாவும் அவரும் ஒன்றாகக் களை பிடுங்கப் போனவர்கள்தான். அவருடைய ஆடு அம்மாவின் பூசணிக் கொடியைத் தின்ற நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை. அம்மா சாகும்வரை கோபம் தீரவில்லை. ஆனால் செத்த வீட்டன்று எங்கள் அடுப்பு எரியக் கூடாதென்று எல்லாருக்கும் சோறு ஆக்கிக் கொண்டுவந்தவர் அவர்தான்.

வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் வந்து சொன்னார்: "தம்பி, பொங்கலன்னைக்கு உங்க வீட்டுல பொங்கலும் இல்ல, கோலமும் இல்ல. வேற என்னா வேல? மூணு பேரும் தூங்குங்க."

"ஆக்கள் வருவினம் அக்கா. துக்க வீட்டுப் படலையைச் சாத்தக் கூடாதெல்லே."

"யாரு சாத்தச் சொன்னா? அது தொறந்துதான் கெடக்கும். நான் அதுல கதிரையப் போட்டுக் குந்திக்கிட்டு இருப்பேன்."

தைப்பொங்கல் விடிந்தபோது ஒழுங்கை முழுக்க வெடிச் சத்தம். எல்லா முற்றத்திலும் புகை. எங்கள் முற்றம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆண்டுத் திவசம் வரை எங்களுக்குப் பொங்கல் இல்லை. பிள்ளைக்கு முதற்பொங்கல், ஒரு பானைகூட வைக்க முடியவில்லையே என்று கவலையாக இருந்தது. அக்கா தன் வீட்டில் பொங்கிப் படைத்துவிட்டு, ஒரு கோப்பை பொங்கலை எங்களிடம் தந்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனார். ஆட்டையும் பக்கத்தில் கட்டினார். வேண்டுமென்றே கட்டியதுபோலத்தான் இருந்தது.

பிள்ளை பால் குடித்துத் தூங்கியது. மனுசி அதன் பக்கத்திலேயே பாயில் சரிந்தாள். நானும் படுத்தேன். நித்திரை வரவில்லை. படலையில் கதை கேட்டது.

"தாய் தூக்கம். புள்ள தூக்கம். தகப்பனும் தூக்கம்."

"நாங்கள் துக்கம் விசாரிக்க வந்தனாங்கள்."

"விசாரிங்க. எங்கிட்டயே விசாரிங்க. அந்தம்மாகூட அம்புட்டுக் காலம் சண்ட போட்டவ நான். எனக்கு இல்லாத துக்கமா?"

"என்னத்துக்குச் சண்டை?"

"இதோ நிக்கிதே, இது தின்ன பூசணிக்கு. பேசமாட்டா. ஆனா என் வீட்டுக் கெணறு வத்தின வருசம், வேலிக்கு மேலால வாளியக் குடுத்தா. மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் குடுத்தா. மகாராசி."

வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அம்மா வாளியைக் கொடுத்த கதை எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பியிருப்பார், அது நிச்சயம். நான் சிரிக்கத்தான் தொடங்கினேன், அழுகை வந்தது. கூட நின்று அழ யாரும் இல்லை, தேத்தண்ணி ஊற்றவும் தேவையில்லை. தலையணையில் முகத்தை வைத்து என் பாட்டில் அழுதேன். எப்போது நித்திரையானேன் என்று தெரியாது.

எழும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மனுசி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தாள். கன்னத்தில் பாயின் தடம் பதிந்திருந்தது.

"இஞ்சேருங்கோப்பா, எனக்குப் பசிக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பேணியைத் திறப்பமோ?" என்றாள்.

திறந்தேன். மணம் எங்கேயும் போகவில்லை. வீடு முழுக்க வந்தது. அம்மியில் நானே அரைத்தேன். உள்ளிப்பூண்டு, முருங்கையிலை போட்டுக் கொதிக்கவைத்தேன். அளவு தெரியாமல் அள்ளிப் போட்டதால் நல்ல காரம். மனுசிக்குக் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது.

"உங்கட அம்மா இருந்திருந்தா உங்களைக் குசினிக்குள்ள விட்டிருக்கமாட்டா" என்றாள். ஆனால் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள்.

அக்கா அதற்குப் பிறகும் விடுமுறை முடியும்வரை மத்தியானங்களில் கதிரையோடு வந்தார். சில சொந்தக்காரர்களுக்குக் கோபம்தான். வந்த ஆளை உள்ளே விடாமல் ஆட்டுக்குப் பக்கத்தில் இருத்தி அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள். சொல்லட்டும். பெருநாள் காலத்தில் கைப்பிள்ளையோடு களைத்துப்போய் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்டால், ஒன்றுதான் சொல்லுவேன். உங்கள் படலையில் யாரையாவது இருத்திவிட்டுப் படுங்கள்.

மிட்வைவ் மிஸ் திரும்ப வந்தார். தராசில் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு தொங்கியது. மனுசி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா வேலிப் பொட்டில் நின்றார்.

"ஏறியிருக்கு. கொஞ்சம்தான், ஆனா ஏறியிருக்கு. என்ன செய்தனீங்கள்?"

"நித்திரை கொண்டனாங்கள் மிஸ்" என்றாள் மனுசி.

மிஸ் போன பிறகு அக்கா உள்ளே வந்து, பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, எங்கள் படலையில் கிடந்த கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரி தம்பி, போயிட்டு வாறேன்."

மறந்துபோய்ச் சொன்னாரா, நினைத்துத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மனுசி என்னைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா, போட்டு வாங்கோ" என்றேன்.