தண்ணி கேஸ்

அணைந்து கிடக்கிற இஞ்சினுக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? என் மாமா மதியழகனிடம் அன்று எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ப்ளஸ் டூ முடித்திருந்த எனக்கும் பதில் தெரியவில்லை.

மாமா கோவளத்துக்காரர். சுனாமியில் சொந்தப் படகு போன பிறகு ஒரு தனியார் படகுக் குழாமில் ஜெட் படகு ஓட்டினார். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகிற படகு அது. குடிக்காத ஆள் என்று பெயர் எடுத்திருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது.

2007 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு உப்பங்கழியில் போனார். படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயில் பாலித்தீன் பை அடைத்து இஞ்சின் நின்றுவிட்டது. காற்று முகத்துவாரத்துப் பக்கம் தள்ளியது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். மாமாவின் கூட்டாளி ஆனந்தன் ஃபைபர் படகில் வந்து கயிறு வீசினார்.

“இஞ்சின தூக்கிக்கினியா மச்சான்?”

“இதுல இன்னாத்த தூக்கறது? வயித்துக்குள்ள கீது. நீ முறுக்கு!”

மீன்பிடிப் படகில் இஞ்சின் பின்னால் தொங்கும். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால் எவ்வளவு வேகமாகவும் இழுக்கலாம். அந்தப் பழக்கத்தில் முழு வேகத்தில் இழுத்து வந்தார்கள். எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். மாமா பையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். ‘டொக்’ என்றது, அவ்வளவுதான்.

மெக்கானிக் ஜெயவேலு வந்து பிளக்குகளைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றவிட்டார். உப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வேகமாக இழுத்தால் அடிவாயில் புகுகிற தண்ணீர், இஞ்சினைக் குளிர வைக்கும் குழாயில் ஏறிப் புகைக்குழாய்க்குப் போகுமாம். ஓடுகிற இஞ்சினாக இருந்தால் புகை அதை வெளியே தள்ளிவிடும். ஓடாததில் புகைக்குழாய் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்கே போய்விடும்.

“இஞ்சின் நல்லா தண்ணி குடிச்சிகீது சார். இயுக்கறதுக்கு முன்ன அந்த ஓஸ் குழாய நெரிக்க ஒரு கிளிப்பு குடுத்திருப்பாங்களே, எங்க?”

கிளிப் குழாமின் புல்தரைக்குத் தண்ணீர் விடும் குழாயில் மாட்டியிருந்தது. மேனேஜர் ஷ்யாம்சுந்தர் அதைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், “இத்தனை வருஷம் கடல்ல இருந்திருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?” என்றார். மறுநாள் மாமாவுக்கு வேலை இல்லை.

வேறு குழாம்களுக்குப் போனார். பேச்சு அவருக்கு முன்னால் போயிருந்தது.

“கோவளத்து மதியா? அது தண்ணி கேஸாச்சே!”

இஞ்சினில் தண்ணீர் புகுந்த கேஸ், நாலு வாய் மாறியதும் குடிகாரன் கேஸ் ஆகிவிட்டது.

“நான் ஒரு சொட்டு தொட்டதில்ல சார்.”

“எல்லாரும் இதத்தான்பா சொல்றாங்க. பசங்கள ஏத்தற படகு, போ போ.”

மீன் விற்கப் போன பொன்னி அத்தையையும் விடவில்லை. “இன்னா பொன்னி, உன் வூட்டுக்காரு இஞ்சினுக்கே ஊத்தி வுட்டாராமே?”

இப்போது மாமா மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறார். யாரும் அவரிடம் படகைத் தருவதில்லை.

படகு ஓட்டுகிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். நின்றுபோன ஜெட் படகை இழுக்கும் முன், இஞ்சினைக் குளிர வைக்கும் அந்தக் குழாயைக் கிளிப்பால் நெரிக்க வேண்டும். கிளிப் இல்லையென்றால் நடக்கிற வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் கிளிப்பை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். இதைச் சொல்லும்போது மதியழகன் பெயரையும் சொல்லுங்கள். குடித்தது இஞ்சின்தான் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.