கோட்டுக் கையில் ஒரு மடிப்பு

கட்டில் முழுக்கத் துணி பரப்பிக் கிடக்கிறது. ஸ்வெட்டர்கள், மடக்குக் குடை, மழைக்கோட்டு, உள்ளே போட்டுக்கொள்ளும் தெர்மல், என் கணவருக்கு ஒரு கம்பளிக் குல்லாய். செப்டம்பரில் ஐரோப்பா டூர் போகிறோம். வெயில் அடிக்கலாம், மழை பெய்யலாம், திடீரென்று குளிரவும் செய்யலாம், எல்லாவற்றுக்கும் தயாராக வாருங்கள் என்று டூர்க்காரன் செய்தி அனுப்பியிருக்கிறான். இதைச் சொல்ல ஒரு ஆள்! இத்தனைக்கும் நடுவில் அந்தக் கறுப்பு ஓவர்கோட்டு படுத்திருக்கிறது. அதன் இரண்டு கைகளிலும், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கோடு ஓடுகிறது. எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது போவதில்லை.

கோட்டு என் பெரியம்மாவினுடையது என்று சொல்வது முழு உண்மையல்ல. பம்பாய் செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கே அது பொது. கப்பலில் வேலை பார்த்த மூன்றாம் மாடிக்காரர் வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனது. பிள்ளையைப் பார்க்க, பெண்ணின் பிரசவத்துக்கு என்று யார் குளிர்தேசம் கிளம்பினாலும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். பம்பாயில் மூட்டை கட்டி வைக்கப்போகிற கோட்டுக்குப் புதிதாக யார் செலவழிப்பார்கள்? திரும்பி வந்ததும் டிரைகிளீன் செய்து, பாக்கெட்டில் ஒரு சாக்லேட் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். பெரிய பீரோ இருந்ததால் கோட்டு பெரியம்மாவிடம் தங்கியது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃபேனுக்கு அடியில் அதை விரித்துப்போட்டு, அந்துருண்டை மாற்றி, பச்சைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

வாங்க வருகிறவர்களுக்குப் பாடமும் நடக்கும். "அங்கே செப்டம்பரை நம்பவே படாது. காலம்பற ஒரு வேஷம், சாயங்காலம் ஒரு வேஷம். ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கோங்கோ, வெயில் வந்தா ஒவ்வொண்ணா உரிச்சுக்கோங்கோ, பஸ், அவ்வளவுதான்!" என்பாள். மஃப்ளரை எப்படிச் சுற்றுவது என்று காட்ட, ஆகஸ்ட் புழுக்கத்தில் தானே கோட்டை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிய நிற்பாள். நாங்கள் சிரிப்போம். இத்தனை பேசுகிறவள் பக்கத்து மலையூரான லோணாவ்லாவைத் தாண்டிக் குளிர் பார்த்ததில்லை. போய் வந்தவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்திருந்தாள். என்றைக்காவது தன் முறை வரும் என்று.

வரவேண்டியதுதானே? அவளுடைய ஒரே பிள்ளை ஐரோப்பாவில்தான் இருந்தான், குடும்பத்தோடு. பேரனை அவள் போனில்தான் வளர்த்தாள். பெரியப்பா காலமான பிறகு, ஒரு வருஷம் அவனே கூப்பிட்டான், செப்டம்பரில் வா என்று. அன்று சாயங்காலமே கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குள்ளமானவள், கோட்டுக் கை அவளுக்கு விரல் நுனிவரை மூடும். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கறுப்பு நூல் கோத்து, இரண்டு கைகளையும் உள்பக்கம் மடித்துப் பொடித்தையலாகத் தைத்தாள். "பேரன் கையைப் பிடிச்சுண்டு நடக்கணுமோன்னோ, கை வெளில தெரிய வேண்டாமா?" என்றாள் என்னிடம். தைத்து முடித்ததும் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது அவளுக்கு.

ஆகஸ்டில் அவன் போன் செய்தான். "இப்ப வேண்டாம்மா. செப்டம்பர்ல இங்க வெதரை நம்பவே முடியாது. உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது. மே மாசம் பாத்துக்கலாம்." அதே செப்டம்பருக்கு அவளைவிட வயதானவர்களையெல்லாம் மஃப்ளர் சுற்றி அனுப்பிவைத்தவள் அவள். அவளிடம் இதைச் சொன்னான். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அது ஆறுவதற்குள் சான்பாடாவிலிருந்து சம்பந்தி மாமி, அவனுடைய மாமியார், வந்தாள், ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் கசங்கிப்போய், கையில் ஒரு டப்பா மைசூர்பாகோடு. அவளும் மாமாவும் செப்டம்பரில் அவன் வீட்டுக்குக் கிளம்புகிறார்களாம். "மாப்பிள்ளையே டிக்கெட் போட்டுட்டார். உங்ககிட்ட நல்ல கோட்டு இருக்கு, வாங்கிக்கோங்கோன்னும் அவர்தான் சொன்னார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?" பாவம், அந்த மாமிமேல் குற்றமில்லை, தெரிந்திருக்கும் என்றே நினைத்தாள். பெரியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "தெரியுமே" என்று எழுந்து பீரோவைத் திறந்தாள்.

சம்பந்தி மாமி நல்ல உயரம். கோட்டை மாட்டிக்கொண்டு, "ஏன் மாமி, கை இவ்வளவு குட்டையா இருக்கு?" என்றாள். "யாரோ மடிச்சுத் தைச்சிருக்கா போலிருக்கு. இருங்கோ, பிரிச்சுத் தரேன்." பெரியம்மா சவர பிளேடை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. பிரித்ததும் மாமிக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டு, மஃப்ளர் சுற்றிக்காட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பாடத்தில் ஒரு வரி குறையவில்லை. மாமி போன பிறகு உதிர்ந்த நூல்களைக் கூட்டிப் பெருக்கினாள். நான் ஏதோ திட்ட வாயெடுத்தேன். "போறும்டி. காபி போடு" என்றாள்.

கோட்டு அக்டோபரில் திரும்பி வந்தது, முறையாக டிரைகிளீன் ஆகி, பாக்கெட்டில் சாக்லேட்டோடு. மாமி போனில் போட்டோக்கள் காட்டினாள். ஆற்றங்கரை, சிவந்த இலைகள், நனைந்த தெரு. எல்லாவற்றிலும் கோட்டின் கையைப் பேரன் பிடித்திருந்தான். பெரியம்மா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கோட்டாவது போயிட்டு வந்துதே" என்றாள். சாக்லேட்டை வாட்ச்மேன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். மே மாதம் வந்தது, லீவு கிடைக்கவில்லை என்றான். அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். காரியத்துக்கு வந்தவன் தோளில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "என்ன புழுக்கம் இங்கே" என்றான். பீரோ என் வீட்டுக்கு வந்தது, கோட்டோடு.

சற்றுமுன் அவன்தான் கூப்பிட்டான். டூரில் அவன் ஊரும் இருக்கிறது, ஒரு நாள் வீட்டுக்கு வர வேண்டுமாம். செப்டம்பர் அங்கே ரொம்ப அழகாம், இதுமாதிரி ஒரு பருவமே கிடையாதாம். கேட்டுக்கொண்டே கோட்டுக் கையிலிருந்த மடிப்புத் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் குரலைத் தழைத்துச் சொன்னான்: "அக்கா, வரும்போது அம்மாவோட கோட்டைக் கொண்டு வரியா? அம்மா ஞாபகமா இங்க இருக்கட்டும்."

"இல்லடா. அங்க செப்டம்பர் வெதரை நம்ப முடியாது" என்றேன். "அந்தக் குளிர் இதுக்கு ஒத்துக்காது."

போனை வைத்துவிட்டு, கோட்டை மடித்துப் பீரோவில் வைக்க அந்துருண்டை தேடினேன்.