சென்னியம்மாளின் ஒரே லைன்

திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி சாலையில் குடியிருந்த சென்னியம்மாளை ஊரார் துணிச்சல்காரி என்பார்கள். அது முழு உண்மையல்ல, பெரும்பகுதி பிடிவாதம். கணவர் ராசப்பன் இறந்தபோது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை விற்றுவிடச் சொன்ன கொழுந்தன்களிடம் அவர் வாதாடவில்லை. போனை எடுத்து, ஒரிசாவில் நின்ற வண்டிக்கு டீசல் போடச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அந்த வண்டி எங்கேயும் குழி போட்டதை அவர் நேரில் பார்த்ததில்லை. எவ்வளவு ஆழம் போவது, தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் கூடத்திலிருந்த தொலைபேசியில்தான் தீர்மானித்தார்.

2002இல் மகன் சித்தார்த் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். "நீங்க ஒண்ணையும் தொட வேண்டாங்கம்மா. அதுவே போன் போட்டு என்ற மெயிலை எடுத்துக்கும். சுச்சை மட்டும் பட்டுனு அமுத்தீராதீங்க, உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்." உள்ளே இருந்தவை அவனுடைய கடிதங்கள்.

சில நாட்களாக வண்டியிலிருந்து அழைப்பே வரவில்லை. மழைக்காலம், வேலை இருக்காது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் மாலை, இன்னொரு ரிக் வண்டியின் முதலாளியான ஜெயபிரகாஷ் வேகமாக உள்ளே வந்தார்.

"ஏனுங்கக்கா, அப்படி யாருகிட்டத்தான் பேசறீங்க? உங்க மேனேஜர் பூபதி கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தானாம். எப்பவும் எங்கேஜாம்."

"நான் போனையே தொடலையே சாமி."

"போட்ட குழி புகையாப் போச்சுங்க. சொட்டுத் தண்ணியில்ல. ஊருக்காரங்க வண்டிச் சாவியப் புடுங்கி வெச்சிருக்கறாங்க. வண்டிப் பசங்க அஞ்சு பேரும் அங்கயே கெடக்கறாங்க. இன்னொரு குழி சும்மா போட்டுத் தர்றமுன்னு முதலாளி வாயால சொல்லோணுமாம். அஞ்சு மணிக்கு போன் பூத்துக்கு ஊர்ப் பெரியவரையே பூபதி கூட்டிக்கிட்டு வர்றானாம். அந்தப் பக்கம் நிக்கற என்ற டிரைவரு பாத்துட்டுப் போன்ல சொன்னான். இன்னைக்கும் போன் கெடைக்கலீன்னா வண்டியைக் கொளுத்தீருவமுன்னு எளவட்டங்க நிக்கறாங்களாம்."

சென்னியம்மாள் ரிசீவரை எடுத்தார். காதுக்குள் கரகரவென்ற இரைச்சல்.

லைனைப் பிடித்துவைத்திருப்பது யாரென்று புரிந்தது; ரிசீவரை வைத்துவிட்டு இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்கள். திரையில் ஒரு சின்னப் பெட்டி. ஜெயபிரகாஷ் 'டிஸ்கனெக்ட்' என்றிருந்ததை அமுக்கினார். பெட்டி மறைந்தது. அவர் நிமிர்வதற்குள் பெட்டி திரும்ப வந்து, தானே எண்களைச் சுழற்றியது. 'கேன்சல்' அமுக்கினார். போனது, வந்தது.

"உங்க பையன் வெச்சுட்டுப் போன ஆளு உங்களைவிடப் பிடிவாதமுங்கக்கா. சுச்சை அமுத்தீரலாமுங்களா?"

"அவங் கடுதாசியெல்லாம் உள்ள இருக்குது."

"அங்க அஞ்சு உசுரு இருக்குது."

சென்னியம்மாள் குனிந்தார். சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன போன் ஒயரைப் பிடுங்கினார். திரை பிழை ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது.

இருவரும் தொலைபேசியின் முன் உட்கார்ந்தார்கள். "சரின்னு சொல்லீருங்க. சாவி கைக்கு வந்ததும் பசங்க ராத்திரியே கெளம்பி வந்துருவாங்க. எல்லாரும் செய்யறதுதானுங்க," என்றார் ஜெயபிரகாஷ். சென்னியம்மாள் தலையாட்டினார்.

ஐந்து மணி தாண்டியது. மணி அடிக்கவில்லை. எங்கேஜ் சத்தத்துக்குத் தனக்கென்று பொருள் எதுவும் கிடையாது. அங்கே நின்ற பூபதி அதை முதலாளியின் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டான். இங்கே இருந்தவர் மணி அடிக்காததை நிம்மதி என்று எடுத்துக்கொண்டிருந்தார். இப்போதைய அமைதியை என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஜெயபிரகாஷ் சந்தேகத்தோடு ரிசீவரை எடுத்தார். டயல் டோன் இல்லை. "செத்துக் கெடக்குதுங்கக்கா!"

சென்னியம்மாள் மேசைக்குப் பின்னால் குனிந்து, தொலைபேசியின் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது சுவருக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்தது. சுவரிலிருந்து வரும் லைன் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் தொலைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. அவர் பிடுங்கியது இரண்டுக்குமான உயிரை.

தொலைபேசியின் ஒயரை உருவிச் சுவரில் செருகப் பார்த்தார். கிளிப் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பிடித்தது. பிடித்த மாத்திரத்தில் மணி அடித்தது.

"அக்கா, பூபதிங்க! இங்க எனக்கு மணி அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துதுங்க, நீங்க எடுக்கவே இல்லீங்க. எங்களைக் கைகழுவிட்டீங்கன்னு நெனச்சனுங்க." பின்னால் பலர் கத்தினார்கள்.

"சாப்புட்டீங்களாடா?"

"சோறெல்லாம் அவுங்களே போடறாங்கங்க. அவுங்க சாப்புடறதுல பாதி."

"தண்ணி?"

"பொம்பளைங்க ஆத்துல இருந்து கொண்டாராங்க. ரொம்பத் தூரமுங்க."

சென்னியம்மாள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "பெரியவர்கிட்டக் குடு."

அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் புரியாத மொழியில் எதையோ கேட்டது. "இன்னொரு குழி போட்டுத் தர்றமுங்க," என்று சென்னியம்மாள் தமிழிலேயே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பூபதி பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தான். பெரியவர் மறுபடி கேட்டார். "ஆமாங்க," என்றார் சென்னியம்மாள். கூச்சல் மெல்லத் தணிந்தது.

"சாவியக் குடுத்துட்டாருங்கக்கா!" பூபதியின் குரல் தழைந்தது. "பொழுது உழுந்ததும் வண்டியக் கெளப்பீர்றனுங்க."

ஜெயபிரகாஷ் இங்கே சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"கெளப்பாதே," என்றார் சென்னியம்மாள். "நாளைக்கு வெடிஞ்சதும் வேற எடம் பாத்துக் குழியப் போடு. போட்டுட்டு வா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பூபதி, கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றான் அவன், வெகுநேரம் கழித்து.